ஏவலாளும் திறவுகோலும்

கணினியிலே தானாக இயங்கி, இட்ட பணியை ஓய்வின்றிச் செய்யும் மென்பொருளைப் 'பாட்' என்பர். அதனை ஓர் ஏவலாள் எனலாம். 1988ஆம் ஆண்டிலே பின்லாந்து நாட்டவரான யார்க்கோ ஒய்காரினென் என்பார் ஐ.ஆர்.சி. என்னும் உரையாடல் முறையை அமைத்தார். அதன் உரையாடல் அரங்குகளைக் காவல் செய்வதற்கென 1993இல் ராபி பாயின்டர் என்பார் 'எக்ட்ராப்' என்னும் பாட்டினை எழுதினார்.

இத்தகைய மென்பொருளைப் பெறுவது எவ்வாறு? டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளத்தில் 'ஆப்ட்' எனப்படும் பொதி மேலாளர் உண்டு. 'ஆப்ட் இன்ஸ்டால் எக்ட்ராப்' என்று கட்டளையிட்டால், அது டெபியன் களஞ்சியத்திலிருந்து மென்பொருட் பொதியைக் கொணர்கிறது. களஞ்சியத்தின் பட்டியல் மின்முறைக் கையொப்பம் பெற்றது. ஆதலின் வழியிலே எவரேனும் பொதியை மாற்றியிருப்பின் ஆப்ட் அதனை ஏற்பதில்லை. எக்ட்ராப்புக்குத் துணையாகவுள்ள டி.சி.எல். மொழியின் நிரல் தொகுதியையும் அதுவே தேடிச் சேர்க்கிறது. வழு திருத்திய பதிப்பு வெளிவரும்போது புதுப்பித்தலும் எளிது.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. பொதியை நிறுவுவதற்கு 'ரூட்' எனப்படும் தலைமை அதிகாரம் வேண்டும். அதனை இயக்குவதற்கோ அவ்வதிகாரம் வேண்டுவதில்லை. பாட் என்பது முன்பின் அறியாதார் சொல்லையெல்லாம் கேட்டு நிற்பது. அதிலுள்ள ஒரு வழுவின் வழியே தீயோன் ஒருவன் புகுவானாயின், பாட்டுக்குரிய அதிகாரம் அனைத்தும் அவன் வசமாகும். வாயிற்காவலனிடம் பெட்டகத்தின் திறவுகோலையும் ஒப்படைப்பார் உண்டோ? இதனாலன்றோ எக்ட்ராப், ரூட் அதிகாரத்தில் இயக்கப்படின் இயங்க மறுக்கிறது! பாட்டுக்கெனச் சாதாரணப் பயனர் கணக்கொன்றைத் திறந்து, அதிலே இயக்குவதே முறை.

எக்ட்ராப்பின் மாதிரி அமைப்புக் கோப்பிலே, இயக்கத்தை நிறுத்தும் கட்டளைகள் சில வேண்டுமென்றே இடையிடையே வைக்கப்பட்டுள்ளன. கோப்பினைப் படித்துத் திருத்தாதவர் மேலே செல்ல முடியாது. முதன்முறை இயக்கும்போது 'எம்' என்னும் குறியைச் சேர்த்தல் வேண்டும். அப்பொழுது 'ஹலோ' என்று முதலிற் செய்தி அனுப்புபவரையே பாட் தன் உரிமையாளராகக் கொள்ளும். உரியவர் தாமதிப்பின் அவ்வுரிமை அயலார் கைக்குப் போதலும் கூடும்.

நம்பத்தக்க ஏவலாளைக் கொணர்ந்து விடுவதோடு பொதி மேலாளரின் பணி முடிகிறது. அவனிடம் எந்தத் திறவுகோலைக் கொடுப்பது, எதனைக் கொடாதிருப்பது என்று தீர்மானித்தல் கணினிக்கு உரியவரின் கடனாகும்.