‘சென்சிடிவ்’ என்ற சொல் மட்டும் போதுமா? ஷேவிங் கிரீம் வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

புதுடெல்லி: ஷேவிங் கிரீம் குழாயின் முகப்பில் ‘சென்சிடிவ் ஸ்கின்’ என்று அச்சிட்டிருந்தால் அது முகத்தை எரிக்காது என்று பலர் நம்பி வாங்குகின்றனர். ஆனால், அந்தச் சொல்லுக்கு இந்திய அழகுசாதனப் பொருள் விதிகளில் தனி வரையறை ஏதும் இல்லை. ஒவ்வாமை தராது என்ற பொருளில் வழங்கும் ‘ஹைப்போஅலர்ஜெனிக்’ என்ற சொல்லின் நிலையும் அதுவே. அமெரிக்காவில் இச்சொல்லைப் பயன்படுத்துவதற்குச் சோதனையைக் கட்டாயமாக்கி அந்நாட்டு உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1975-ல் கொண்டுவந்த விதியை, 1977-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் செல்லாது என அறிவித்துவிட்டது.

எனவே, எளிதில் பாதிப்புக்குள்ளாகும் தோல் உடையவர்களுக்குக் குழாயின் முன்பக்கத்தைக் காட்டிலும், பின்பக்கத்தில் சிறிய எழுத்துகளில் இருக்கும் மூலப்பொருள் பட்டியலே உதவும்.

விரும்பினால் தாடி வளர்த்துக்கொள்ளலாம் என்ற நிலையில் இருப்போருக்கு இது ஒரு சிறு தொல்லை மட்டுமே. சில நாட்கள் சவரம் செய்யாமல் விட்டாலே பெரும்பாலான சிவப்பும் எரிச்சலும் தணிந்துவிடும். ஆனால் ராணுவம், காவல்துறை, தனியார் பாதுகாப்புப் பணி, விடுதிகள் போன்ற இடங்களில் மழித்த முகத்துடன் பணிக்கு வர வேண்டியவர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. புண்பட்ட தோலின் மீதே மறுநாளும் பிளேடு ஓடுகிறது. இவர்களில் சிலர் மருந்துக் கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு களிம்பை நாடும்போதுதான் பிரச்சினை பெரிதாகிறது.

எரிச்சல் வேறு, ஒவ்வாமை வேறு

சவரத்துக்குப் பின் தோன்றும் தொல்லைகள் அனைத்தையும் ‘அலர்ஜி’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது வழக்கமாகிவிட்டது. உண்மையில் இவற்றில் குறைந்தது மூன்று வகைகள் உண்டு.

கிரீம் பூசிய சில நிமிடங்களிலோ, பிளேடு ஓடிய உடனேயோ எரிந்து, ஓரிரு நாளில் அடங்குவது பெரும்பாலும் வெறும் எரிச்சலே. தோலின் மேலடுக்கு உராய்வாலும் காரத்தன்மையாலும் சேதமடைவதே இதற்குக் காரணம். யாருக்கும் இது வரலாம்.

ஒவ்வாமை அப்படியல்ல. குறிப்பிட்ட ஒரு வேதிப்பொருளை உடலின் நோய் எதிர்ப்பு அமைப்பு பகையாகக் கருதிவிட்டால், அப்பொருள் பட்ட ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் அரிப்பு, தடிப்பு, நீர்க்கோர்த்த சிறு கொப்புளங்கள் ஆகியவை தோன்றும். பல ஆண்டுகளாகப் பயன்படுத்திவந்த கிரீமே ஒருநாள் ஒவ்வாமையை உண்டாக்கலாம் என்பதைப் பலரால் ஏற்க முடிவதில்லை.

மூன்றாவது வகைக்கும் கிரீமுக்கும் அதிகத் தொடர்பு இல்லை. சுருட்டை முடி உடையவர்களுக்கு, வெட்டப்பட்ட முடியின் கூர்முனை வளைந்து தோலுக்குள்ளேயே புகுந்து, கழுத்திலும் தாடையிலும் முகப்பருவைப் போன்ற கட்டிகளை உண்டாக்கும். எத்தனை கிரீம் மாற்றினாலும் இது தீராது. முடியைத் தோலோடு ஒட்ட மழிக்காமல் சிறிது விட்டு வெட்டும் டிரிம்மர், முடி வளரும் திசையிலேயே சவரம் செய்தல் ஆகியவையே இதற்கு உதவும்.

குழாய்க்குள் இருப்பது என்ன?

நுரை தரும் ஷேவிங் கிரீம் அடிப்படையில் ஒரு மென்சோப்பு. ஸ்டியரிக் அமிலம் போன்ற கொழுப்பு அமிலங்களுடன் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரம் வினைபுரிந்து உருவாவது அது. ஆரோக்கியமான தோலின் மேற்பரப்பு சற்றே அமிலத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு ஏறக்குறைய 5. சோப்பு நுரையின் பிஎச் அளவு 9 முதல் 10 வரை இருக்கும். இந்த இடைவெளியைப் பெரும்பாலோரின் தோல் சமாளித்துவிடுகிறது; மெல்லிய, வறண்ட தோலால் அது இயலாமல் போகலாம்.

நுரை மிகுந்தால் கிரீம் தரமானது என்பது பரவலான எண்ணம். இது தவறு. மயிரை மென்மையாக்குவது நுரையல்ல, நீரே. வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடங்கள் நனைந்த மயிரை வெட்ட, உலர்ந்த மயிருக்குத் தேவைப்படுவதைவிட மிகக் குறைந்த விசையே போதும். அந்த ஈரம் வற்றாமல் காப்பதும், பிளேடு வழுக்கிச் செல்ல உதவுவதுமே கிரீமின் பணி.

இந்திய வீடுகளில் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். நாட்டின் பல பகுதிகளில் இன்றும் ஒரு குவளை நீரை வைத்துக்கொண்டுதான் சவரம் நடக்கிறது. கில்லெட் நிறுவனம் 2010-ல் இந்தியச் சந்தைக்கெனவே 15 ரூபாய் விலையில் ஒற்றை பிளேடு ரேசரை வெளியிட்டபோது, ஓடும் குழாய் நீர் இல்லாமலும் எளிதில் அலசும்படி அதை வடிவமைக்க வேண்டியிருந்தது. முகத்தை இரண்டு கை நீரால் நனைத்துவிட்டு உடனே கிரீமைப் பூசுபவருக்கு, எவ்வளவு விலையுயர்ந்த கிரீமும் பெரிதாக உதவாது. குளித்து முடித்த உடனே சவரம் செய்வது, செலவில்லாத தீர்வு.

நீரின் தன்மையும் கவனிக்கத்தக்கது. குடிநீரில் மொத்தக் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது ஏற்கத்தக்கது என்றும், வேறு நீராதாரம் இல்லாதபோது 600 வரை அனுமதிக்கலாம் என்றும் இந்தியத் தர நிர்ணய அமைவனம் வரையறுத்துள்ளது. ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கும் பகுதிகளில் இந்தக் கடினத்தன்மை மிகுந்திருப்பதுண்டு. அந்நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்புடன் சேர்ந்து கரையாத கசடாக மாறித் தோலில் படிகின்றன. சொந்த ஊரில் ஒத்துக்கொண்ட கிரீம், வேலைக்குச் சென்ற ஊரில் எரிவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். சவரத்துக்கு மட்டும் ஒரு குவளை வடிகட்டிய நீரைப் பயன்படுத்திப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

பட்டியலில் தேட வேண்டிய பெயர்கள்

அழகுசாதனப் பொருட்கள் விதிகள், 2020-ன்படி, ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள மூலப்பொருட்களை அளவின் இறங்கு வரிசையில் உறையில் குறிப்பிட வேண்டும். 30 கிராமுக்குக் குறைவான கிரீம் பொதிகளுக்கு இதில் விலக்கு உண்டு. செலவைக் கருதிச் சிறிய குழாய்களையோ பாக்கெட்டுகளையோ வாங்குபவருக்கு, தம் முகத்தில் எதைப் பூசுகிறோம் என்று அறியும் வழியே இல்லாமல் போகலாம். முதன்முறை வாங்கும்போதாவது பட்டியல் உள்ள பெரிய குழாயைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பட்டியலில் முதலில் தேட வேண்டியது ‘ஃப்ராக்ரன்ஸ்’ அல்லது ‘பர்ஃப்யூம்’ என்ற சொல். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் பல வாசனை வேதிப்பொருட்கள் மறைந்திருக்கலாம். அழகுசாதனப் பொருட்களால் வரும் ஒவ்வாமைக்கு முதன்மைக் காரணங்களுள் வாசனைப் பொருட்களும் அடங்கும். வாசனை சேர்க்காத கிரீம் கடைகளில் அரிதாகவே கிடைக்கிறது என்றாலும், தேடுவதற்குத் தகுதியானது அதுவே.

அடுத்தது பாதுகாப்பான்கள். மெத்தில்ஐசோதயாசோலினோன் என்ற பாதுகாப்பானை அமெரிக்கத் தொடு தோலழற்சி சங்கம் 2013-ம் ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. பூசியபின் கழுவாமல் விடும் பொருட்களில் இதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் தடை விதித்தது. சோடியம் லாரில் சல்பேட் இருந்தாலும் எச்சரிக்கை தேவை. ஆய்வகங்களில் தோல் எரிச்சலை வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் பயன்படுத்தும் பொருள் அது.

கோடைக்கு இதமானது என்று விற்கப்படும் மென்தால், உண்மையில் தோலைக் குளிர்விப்பதில்லை. குளிரை உணரும் நரம்புகளில் உள்ள டிஆர்பிஎம்8 என்ற ஏற்பியைத் தூண்டி, குளிர்ந்ததுபோல உணரச் செய்கிறது. இந்த ஏற்பியைத் தனித்தனியே கண்டறிந்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூட்டியன் இருவரும் வெப்பம், தொடுதல் உணர்வுகள் குறித்த ஆய்வுக்காக 2021-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். ஏற்கெனவே காயம்பட்ட தோலில் இந்தக் குளிர்ச்சி எரிச்சலாகவே மாறும்.

கிரீமுக்குப் பதில் குளியல் சோப்பைக் குழைத்துப் பூசுவோரும் உண்டு. சோப்பு உறையில் காணப்படும் டிஎஃப்எம் எண், அதில் உள்ள மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவு. முதல் தரக் குளியல் சோப்புக்கு அது 76 சதவீதம் இருக்க வேண்டும். எண் உயர்ந்தால் முகத்துக்கு மென்மையானது என்று கொள்ள முடியாது. கொழுப்பு கூடினாலும் சோப்பு காரமாகவே இருக்கும். நுரை வராத, பிரஷ் தேவைப்படாத கிரீம்களும் ஜெல்களுமே வறண்ட தோலுக்குப் பெரும்பாலும் ஏற்றவை.

புதிய கிரீமை நேரடியாக முகத்தில் சோதிக்க வேண்டியதில்லை. முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு பூசி, சவரத்துக்கு ஆகும் ஐந்து நிமிடங்கள் வைத்திருந்து கழுவிவிட வேண்டும். நாள்தோறும் இருமுறை, ஏழு முதல் பத்து நாட்கள் இவ்வாறு செய்தும் அரிப்போ சிவப்போ தோன்றாவிட்டால் முகத்தில் பயன்படுத்தலாம்.

கிரீம் மீது வீண்பழி

எல்லாம் மாற்றியும் அரிப்பு நிற்கவில்லை என்றால், மீசைக்கும் தாடிக்கும் பூசும் சாயத்தைச் சந்தேகிக்கலாம். கருப்புச் சாயங்களில் பரவலாக உள்ள பாராஃபினிலீன்டையமின் வலுவான ஒவ்வாமைப் பொருள். சாயம் பூசி ஓரிரு நாள் கழித்துத் தடிப்பு வருவதால், அன்று காலை பூசிய கிரீம் மீது பழி விழுகிறது. முடிதிருத்தும் நிலையங்களில் தேய்க்கும் படிகாரம் சிறு கீறல்களின் ரத்தக்கசிவை நிறுத்தும்; ஆனால் தோலை மேலும் வறட்டும். பலருக்கும் ஒரே கல்லைப் பயன்படுத்துவது சுகாதாரமும் அல்ல.

இவை அனைத்தையும்விட ஆபத்தானது ஸ்டீராய்டு களிம்பு. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்றவை கலந்த களிம்புகள் சிவப்பை ஓரிரு நாளில் மறைத்துவிடுவதால் மந்திரம்போலத் தோன்றும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, ரத்த நாளங்கள் வெளியே தெரியும், பருக்கள் பெருகும். நிறுத்தினால் எரிச்சல் முன்னைவிடக் கடுமையாகத் திரும்பும். சவரப் புண் என்று நினைத்தது படர்தாமரையாக இருந்துவிட்டால் அது அடையாளமே தெரியாமல் பரவும். ‘ஸ்டீராய்டால் சிதைந்த முகம்’ என்று இந்தியத் தோல் மருத்துவர்கள் தனிப் பெயரிடும் அளவுக்கு இப்பாதிப்பு பெருகியது. 14 ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டின்றி விற்க முடியாத ‘எச்’ அட்டவணைக் கட்டுப்பாட்டுக்குள் மத்திய அரசு 2018-ல் கொண்டுவந்தது. ஆயினும் ‘முகத்துக்கு ஒரு களிம்பு’ என்று கேட்டு வாங்கும் வழக்கம் நீங்கிவிடவில்லை.

இரண்டு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் தடிப்பு, சீழ், நீர்வடிதல் ஆகியவை இருந்தால் தோல் மருத்துவரை அணுக வேண்டும். ஒவ்வாமைப் பொருட்களை முதுகில் ஒட்டி 48 மணி நேரத்துக்குப் பின் பார்க்கும் ‘பேட்ச்’ சோதனை, காரணத்தைக் கண்டறிய உதவும். மருத்துவரிடம் செல்லும்போது கிரீம் குழாய், சாய பாக்கெட், இதுவரை பூசிய களிம்பு ஆகியவற்றின் உறைகளையும் எடுத்துச் செல்வது நல்லது. எந்தப் பொருட்களைச் சோதிக்க வேண்டும் என்பதை மருத்துவர் அவற்றிலிருந்தே முடிவு செய்ய முடியும்.