ஜமக்காளம் பழையதாவது எப்போது?

வீட்டில் நாம் அன்றாடம் கையாளும் பொருள்கள் பல. அவற்றுள் சில கெட்ட கணத்திலேயே தம் கேட்டை அறிவித்துவிடும். பானை உடைந்தால் ஓசை கேட்கும்; விளக்கு அணைந்தால் இருள் சூழும். தரையில் விரித்திருக்கும் ஜமக்காளம் அத்தகையதன்று. அது ஓசையின்றித் தேய்கிறது. நேற்றிருந்தது போலவே இன்றும் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. ஆண்டுகள் பல கழிந்தபின் ஒரு நாள் வெயிலில் காயப் போட்டுப் பார்க்கும்போதுதான், "இதை இன்னும் வைத்திருக்கலாமா, மாற்றிவிட வேண்டுமா?" என்னும் கேள்வி எழுகிறது. இக்கேள்விக்கு முறையாக விடை காணும் வழியை மாணவர்களாகிய உங்களோடு சேர்ந்து ஆராய விரும்புகிறேன். கேள்வி சிறிது என்று எண்ணவேண்டா. நெசவின் நுட்பமும், கணக்கின் தெளிவும், குடும்பத்தின் அன்பும் இதனுள் ஒருங்கே அடங்கியுள்ளன.

தமிழ்நாட்டில் ஜமக்காளம் என்றவுடன் பவானி நினைவுக்கு வரும். காவிரியும் பவானியும் கூடும் துறையில், ஈரோடு மாவட்டத்தில் அமைந்த ஊர் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில நாட்டு ஆலைத்துணி இங்கே வந்து குவிந்தபோது, நம் நாட்டு நெசவாளர் பலர் தொழில் இழந்தனர். பவானி நெசவாளரோ முரட்டு நூலுக்கு வண்ணம் ஏற்றி, பட்டை பட்டையாகக் கோடுகள் அமைத்து, ஆலைகள் தரமுடியாத கனமான விரிப்பை நெய்தனர். அதுவே பவானி ஜமக்காளம். 2005–2006ஆம் ஆண்டில் அதற்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. கைத்தறிக்கென்றே சில பொருள்களை ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலிலும் ஜமக்காளம் இடம்பெற்றுள்ளது.

ஒரு பொருள் எப்படித் தேய்கிறது என்பதை அறிய, அது எப்படி ஆக்கப்பட்டது என்பதை முதலில் அறியவேண்டும். நூலின் பருமனை எண்ணால் குறிப்பது வழக்கம். ஓர் இராத்தல் எடையுள்ள பருத்தி நூலில் 840 கெஜ நீளமுள்ள சிட்டங்கள் எத்தனை உள்ளனவோ, அதுவே அந்த நூலின் எண். 10ஆம் எண் நூலில் ஓர் இராத்தலுக்கு 8,400 கெஜம் இருக்கும். 100ஆம் எண் நூலில் 84,000 கெஜம் இருக்கும். எண் குறையக் குறைய நூல் பருக்கும். மெல்லிய வேட்டிக்கு உயர்ந்த எண் நூல் வேண்டும். மிதிபடும் ஜமக்காளத்திற்குக் குறைந்த எண் நூலே ஏற்றது.

நெசவில் நீளவாக்கில் செல்வது பாவு. குறுக்கே செல்வது ஊடை. ஜமக்காளத்தில் பாவு நூல் இழுத்துக் கட்டப்பட்டு நேராக நிற்கும். ஊடை நூல் அதன் மேலும் கீழுமாக வளைந்து சென்று, நெருக்கி அடிக்கப்பட்டுப் பாவை முற்றிலும் மூடிவிடும். நாம் காணும் வண்ணமெல்லாம் ஊடையின் வண்ணமே. நம் பாதம் படுவதும் ஊடையின் மீதே. பாவு உள்ளே மறைந்திருந்து எலும்பு உடலைத் தாங்குவது போல் விரிப்பைத் தாங்குகிறது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், தேய்மானத்தைக் கண்டறிவது எளிது. ஊடை தேய்ந்து, உள்ளிருக்கும் பாவு நூல் கீற்றுக் கீற்றாக வெளியே தெரியத் தொடங்கினால், ஜமக்காளத்தின் முதுமை தொடங்கிவிட்டது என்று கொள்ளலாம். பாவே அறுந்து தொங்கினால் அதன் ஆயுள் முடிவை நெருங்கிவிட்டது.

இனி, அதன் பகைவர் யாவர் என்று காண்போம். முதற்பகை மணல். காலடியில் ஒட்டிவரும் மணல் துகள்களில் படிகக்கல் மிகுதி. அது பேனாக்கத்தியின் எஃகைக் காட்டிலும் கடினமானது. அத்துகள்கள் நெசவின் இடுக்கில் இறங்கிவிடுகின்றன. நாம் மிதிக்கும்போதெல்லாம் அவற்றின் கூரிய முனைகள் நூலை அரம்போல் அராவுகின்றன. எனவே ஜமக்காளத்தை உதறுவது தூய்மைக்காக மட்டும் அன்று. அதன் ஆயுளுக்காகவும் ஆகும்.

இரண்டாம் பகை ஈரம். பருத்தி நீரை உறிஞ்சும் இயல்புடையது. மழைக்காலத்தில் ஈரத் தரையில் கிடக்கும் விரிப்பில் பூஞ்சை படரும். கறையானும் இராமபாணப் பூச்சியும் அரிக்கும். கண்ணுக்குப் புலப்படாத தூசி உண்ணிகள் நம் தோலிலிருந்து உதிரும் செதில்களைத் தின்று அங்கே பெருகும். ஆஸ்துமா உள்ளவர்க்கு அவை தீராத் தொல்லை. மூன்றாம் பகை, நாம் நண்பன் என்று கருதும் வெயிலே. சிறிது நேர வெயில் ஈரத்தைப் போக்கி நன்மை செய்யும். நாள் முழுதும் பல நாள் கிடந்தால், அதே வெயில் நிறத்தை வெளுக்கச் செய்து நூலின் வலிமையையும் குறைக்கும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. பருத்தி நூல் நனைந்தால் அதன் வலிமை சற்றுக் கூடும். செயற்கைப் பட்டு நூலோ நனைந்தால் தன் வலிமையில் ஏறக்குறைய பாதியை இழக்கும். ஆதலால் செயற்கைப் பட்டில் கரை அமைந்த ஜமக்காளத்தை அடித்துத் துவைத்தால், நடுப்பகுதி நன்றாயிருக்கக் கரை மட்டும் பிரிந்துபோகக் காண்கிறோம். குற்றம் நெசவாளர்மேல் அன்று. துவைக்கும் முறையில் உள்ளது.

பழுதுகள் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. அவற்றை மூன்றாக வகுத்துக்கொள்வது நலம். முதலாவது, கண்ணுக்குத் தெரியும் பழுது. நிறம் மங்குதல், கறை படிதல் ஆகியவை இவ்வகையின. இவற்றிற்காக ஒரு விரிப்பை மாற்றவேண்டிய கட்டாயம் இல்லை. "கந்தையானாலும் கசக்கிக் கட்டு" என்பது நம் முன்னோர் வாக்கு. இரண்டாவது, உழைப்பால் வரும் பழுது. நூல் மெலிதல், பாவு தெரிதல், ஓரம் பிரியத் தொடங்குதல் ஆகியவை இவை. இவற்றைத் தைத்துச் சரிசெய்யலாம். எதுவரை சரிசெய்வது என்பதைக் கணக்கால் முடிவு செய்யவேண்டும். மூன்றாவது, தீங்கு தரும் பழுது. கால்விரல் மாட்டும் கிழிசல், சுருண்டு எழும் ஓரம், எத்தனை முறை உலர்த்தினாலும் போகாத பூஞ்சை நாற்றம் ஆகியவை இவை. இவற்றிற்குக் கணக்கு வேண்டா. அன்றே அகற்றிவிட வேண்டும்.

எங்கள் தெருவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு வீட்டில் காலஞ்சென்ற பெரியவர் வாங்கிய ஜமக்காளம் கூடத்தில் கிடந்தது. அதன் ஓரம் கிழிந்திருந்தது. மாற்றிவிடலாம் என்று மருமகள் பலமுறை கூறினாள். "அவர் கையால் வாங்கியது, நான் இருக்கும்வரை இருக்கட்டும்" என்று மாமியார் மறுத்துவிட்டார். ஒரு நாள் விடியற்காலையில் அந்த மூதாட்டியின் கால்விரலே அக்கிழிசலில் சிக்கியது. இடுப்பெலும்பு முறிந்தது. நான் பார்க்கச் சென்றபோது அவர் தம் வலியைப் பற்றி அதிகம் பேசவில்லை. "அந்தப் பிள்ளை சொன்னாளே, அண்ணா, அதைத் தூக்கி எறிந்துவிடாமல், நல்ல இடமாகப் பார்த்து வெட்டி ஊஞ்சற்பலகைக்கு உறை தைக்கச் சொல்லியிருக்கிறேன்" என்றார். நினைவைப் போற்ற முழு ஜமக்காளமும் தரையில் கிடக்கவேண்டியதில்லை என்பதை அவர் சொல்லால் உணர்ந்தேன். முதியோர் நடமாடும் வீட்டில், மூன்றாம் வகைப் பழுதை ஒரு நாளும் பொறுத்தல் ஆகாது.

இரண்டாம் வகைப் பழுதுக்கு வருவோம். இங்கே கணக்கு நமக்குத் துணை செய்யும். ஒரு ஜமக்காளத்தின் விலை 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முதல் நான்கு ஆண்டுகள் தையற்செலவு ஒன்றுமில்லை. ஐந்தாம் ஆண்டில் 60 ரூபாய், ஆறாம் ஆண்டில் 120, ஏழாம் ஆண்டில் 180, எட்டாம் ஆண்டில் 240 என்று பழுதுபார்க்கும் செலவு ஏறுவதாகக் கொள்வோம். நான்காம் ஆண்டின் முடிவில் சராசரிச் செலவு ஆண்டுக்கு 300 ரூபாய். ஐந்தாம் ஆண்டின் முடிவில் மொத்தம் 1,260, சராசரி 252. ஆறாம் ஆண்டின் முடிவில் மொத்தம் 1,380, சராசரி 230. ஏழாம் ஆண்டின் முடிவில் மொத்தம் 1,560. சராசரி ஏறத்தாழ 223. எட்டாம் ஆண்டின் முடிவில் மொத்தம் 1,800, சராசரி 225.

சராசரி குறைந்துகொண்டே வந்து, ஏழாம் ஆண்டில் தாழ்ந்து, எட்டாம் ஆண்டில் மீண்டும் ஏறுவதைக் காண்கிறீர்கள். ஏன் ஏறுகிறது? எட்டாம் ஆண்டுக்கு ஆகும் 240 ரூபாய், அதுவரை வந்த சராசரியாகிய 223 ரூபாயை மிஞ்சிவிடுகிறது. இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. வரும் ஆண்டின் பராமரிப்புச் செலவு இதுவரையுள்ள ஆண்டுச் சராசரியைவிடக் குறைவாயிருக்கும்வரை பழையதை வைத்திருக்கலாம், மிகுந்தால் மாற்றலாம். புதியதும் அதே விலைக்குக் கிடைத்து, அதே அளவு உழைக்கும் என்று கொள்வதால்தான் பழையதன் சராசரியை அளவுகோலாக்குகிறோம். விலை ஏறியிருந்தால் பழையதை இன்னும் சிறிது காலம் வைத்திருப்பதே சிக்கனம். தொழிற்சாலை எந்திரங்களை மாற்றும் காலத்தை அறியவும் இம்முறை பயன்படுகிறது என்பதைக் கல்லூரி மாணவர்கள் அறிவார்கள்.

ஆயினும் கணக்கில் ஒரு செலவு பெரும்பாலும் விடுபட்டுப்போகிறது. அது உழைப்பு. நனைந்த ஜமக்காளத்தின் கனம் அதைத் தூக்கிப் பிழிந்தவர்க்கே தெரியும். தைப்பவர் யார், உதறுபவர் யார், துவைப்பவர் யார் என்று கேளுங்கள். பல வீடுகளில் மூவரும் ஒருவரே. அவர் உங்கள் தாயாகவே இருப்பார். அவர் நேரத்திற்குக் கூலி எழுதாத கணக்கு, சரியான கணக்கு ஆகாது. எனவே மாற்றுவதா வேண்டாவா என்னும் பேச்சில் முதற்சொல் அவருடையதாக இருக்கட்டும்.

சோதிக்கும் முறையும் எளிதே. ஜமக்காளத்தை வெயிலுக்கு எதிராக இருவர் பிடியுங்கள். ஒளி ஊசித் துளைகளாகப் புகுந்தால் அங்கே ஊடை தேய்ந்துள்ளது. மெலிந்த இடத்தை இரு கைகளாலும் பற்றி மெல்ல இழுங்கள்; நூல் அறும் ஓசை கேட்டால் அவ்விடம் இனித் தையலையும் தாங்காது. வாயிற்படி அருகே மட்டும் தேய்ந்து, மற்ற இடம் நன்றாயிருந்தால், அதைத் திருப்பிப் போடுங்கள். கோடுகள் மட்டும் அமைந்த ஜமக்காளத்திற்கு இருபுறமும் ஒன்றே. மேல்புறம் கீழாகவும், தலைப்பு கடையாகவும் மாற்றி மாற்றி விரித்தால் தேய்மானம் பரவலாகும், ஆயுளும் நீளும். வைத்துக் காக்கும்போது ஒரே மடிப்பில் மடிக்காமல் சுருட்டி வையுங்கள். மடிப்பு விழும் இடத்திலேயே நூல் முதலில் ஒடியும்.

மாற்றத்தான் வேண்டும் என்று முடிவானால், எதை வாங்குவது? விசைத்தறியில் நெய்த போலிகளைப் பவானியின் பெயரால் விற்கிறார்கள் என்பது அவ்வூர் நெசவாளரின் நெடுநாள் முறையீடு. விலை பாதி என்று மகிழ்ந்து வாங்கியது கால்பங்கு காலமே உழைத்தால், அது இரட்டை விலையாகிவிடும். இதுவும் மேலே கண்ட கணக்கே. அகலமான ஜமக்காளத்தை இருவர் அருகருகே அமர்ந்து, ஒருவர் செலுத்திய நாடாவை மற்றவர் வாங்கி நெய்வதுண்டு. அந்த இருவருக்கும் நாம் கொடுக்கும் விலையே அடுப்பெரிக்கும் வழி. காரணமின்றி அடிக்கடி மாற்றுவது வீண்செலவு. காலம் வந்தபின்னும் மாற்றாதிருப்பது வீட்டாருக்குத் தீங்கு. நல்ல கைவினைக்கும் ஆதரவின்மை.

பழையதைக் குப்பையில் எறியவும் வேண்டா. நடுவில் நல்ல பகுதி இருந்தால் மணைக்கு உறையாகும். அடுத்த பகுதி மிதியடியாகும். எஞ்சியது பருத்தியாதலின் மண்ணில் மக்கும். செயற்கை இழை விரிப்புக்கு இந்த நற்பேறு இல்லை.

மாணவர்களே, அடுத்த விடுமுறை நாளில் உங்கள் வீட்டு ஜமக்காளத்தை வெளியே எடுத்து விரித்துப் பாருங்கள். எவ்வகைப் பழுது என்று ஆராயுங்கள். செலவைத் தாளில் எழுதுங்கள். துவைப்பவரையும் அதன்மேல் நடக்கும் முதியவரையும் கேளுங்கள். இம்மூன்றையும் செய்தபின் எடுக்கும் முடிவு, வைத்திருப்பதானாலும் மாற்றுவதானாலும், அறிவோடு எடுத்த முடிவாகவே இருக்கும்.