இரத்தத்தில் சர்க்கரை குறைவதும் நோயே

சர்க்கரை நோய் என்றதும் இரத்தத்தில் சர்க்கரை மிகுவதையே நாம் எண்ணுகிறோம். அதற்கு நேர்மாறாக, சர்க்கரை அடிக்கடி குறைந்து பிள்ளைகளை வாட்டும் பரம்பரை நோய்களும் உள. இவை அரியவை, ஆயினும் பெற்றோர் அறியாதிருப்பின் உயிருக்கே கேடு விளைவிப்பவை.

இரவில் நாம் உறங்கும்போது மூளைக்கு வேண்டிய சர்க்கரையை அளிப்பது கல்லீரல். உண்ட உணவின் ஒரு பகுதியைக் கிளைக்கோஜன் என்னும் மாவுப் பொருளாகச் சேமித்து வைத்து, பின்னர் சிறிது சிறிதாகச் சர்க்கரையாக்கி இரத்தத்தில் விடுகிறது. சேமிப்புத் தீர்ந்தால் வேறு பொருள்களிலிருந்து புதிதாகவும் ஆக்கிக்கொள்ளும். இவ்வேலைக்குரிய நொதிகளுள் ஒன்று பிறவியிலேயே குறைந்தால் துன்பம் தொடங்குகிறது.

இத்தகைய நோயொன்றை 1929இல் எட்கர் வான் கீர்க்கே என்னும் ஜெர்மானிய மருத்துவர் விவரித்தார். குறைபட்ட நொதி எதுவென்று 1952இல் காட்டியவர்கள் கோரி தம்பதியர். இந்நோயுற்ற பிள்ளை சில மணி நேரம் உண்ணாதிருந்தாலே வியர்த்து, வெளுத்து, துவண்டுவிடும், வலிப்பும் வரலாம். கல்லீரலில் கிளைக்கோஜன் தேங்குவதால் வயிறு பருத்திருக்கும். வயிற்றைக் கண்டு பூச்சி மருந்து கொடுப்பாரும், வலிப்பைக் கண்டு மந்திரிப்பாரும் உண்டு. இவற்றால் வீணாவது காலமே. விடியுமுன் பால்மரம் வெட்டச் செல்லும் தாய்மார், காலையில் பிள்ளையை எழுப்புவது அரிதாயிருந்தால் அதனைச் சோம்பல் என்று விட்டுவிடலாகாது.

மற்றொரு வகையில், புதிதாகச் சர்க்கரை ஆக்கும் ஆற்றலே குறைவு. மலேசியப் பிள்ளைகளிடமும் இது கண்டறியப்பட்டுள்ளது. நலமாயிருக்கும் நாளில் ஒன்றும் தோன்றாது. காய்ச்சலோ வாந்தியோ கண்டு உண்ண மறுக்கும்போது சர்க்கரை திடீரெனக் குறைந்து, இரத்தத்தில் அமிலம் ஏறி, பெருமூச்சு வாங்கும். இப்பிள்ளைகளுக்குத் தேனும் பழச்சாறும் மிகுதியாகக் கொடுத்தல் தீங்கு. தெம்பு தரும் என்று நாம் நம்புவதே இங்குப் பகையாகிறது!

இந்நோய்கள் ஒட்டுவன அல்ல. தாய் தந்தை இருவரும் குறையுள்ள மரபணுவை ஏந்தியிருந்தால், ஒவ்வொரு கருவிலும் நான்கில் ஒரு பங்கு பிள்ளைக்கு நோய் வர வாய்ப்புண்டு. பெற்றோர் நலமாகவே இருப்பர். நெருங்கிய உறவில் மணம் புரிந்தோர் ஒரே மரபணுவை ஏந்தியிருக்க வாய்ப்பு மிகுதி. 1976ஆம் ஆண்டின் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம், இந்துக்கள் அக்காள் மகளை மணக்க இடமளிக்கிறது. எனினும், குடும்பத்தில் காரணம் தெரியாமல் குழந்தை இறந்திருந்தால், அத்தகைய சம்பந்தம் பேசுமுன் மருத்துவரிடம் கேட்டறிதல் நன்று.

வான் கீர்க்கே நோய்க்குக் கைகண்ட உதவி சமையற்கட்டிலேயே உள்ளது. வேகவைக்காத சோளமாவைத் தண்ணீரில் கரைத்துக் குடித்தால் அது மெல்லச் செரித்து, மணிக்கணக்கில் சர்க்கரை தரும் என்பதை அமெரிக்க மருத்துவர்கள் 1984இல் வெளியிட்டனர். காய்ச்சினால் அப்பயன் போய்விடும். அளவையும் நேரத்தையும் மருத்துவரே வகுப்பார். கைக்குழந்தைகளுக்குத் தாமாகக் கொடுத்தல் கூடாது.

பிள்ளை துவண்டாலும் நினைவோடு விழுங்குமாயின் குளுக்கோஸ் கரைத்துக் கொடுத்து, அருகிலுள்ள சுகாதார நிலையத்திற்கோ பினாங்கு மருத்துவமனைக்கோ உடனே கொண்டு செல்க. நினைவிழந்த பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர். கடைசியாக எப்போது உண்டது, குடும்பத்தில் வேறு யாருக்கேனும் இப்படி நேர்ந்ததா என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.