விமானத்தைத் தரையிலிருந்து நடத்துபவர்

அமெரிக்காவில் கால அட்டவணைப்படி பறக்கும் பெரிய பயணிகள் விமானம் எதுவும் கிளம்புவதற்கு முன் இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். ஒருவர் கேப்டன். இன்னொருவரைப் பயணிகள் பார்த்திருக்க மாட்டார்கள்; பெரும்பாலும் கேப்டனும் நேரில் பார்த்திருக்க மாட்டார். அவர்தான் டிஸ்பாட்சர். எந்த வழியில், எந்த உயரத்தில் பறப்பது, எவ்வளவு எரிபொருள் ஏற்றுவது, போகும் ஊரில் இறங்க முடியாமல் போனால் எந்த ஊருக்குத் திருப்புவது என்று கணக்கிட்டு ‘டிஸ்பாட்ச் ரிலீஸ்’ தயாரிப்பது அவர் வேலை. அதோடு விட்டுவிட மாட்டார். இறங்கும்வரை அந்த விமானம் அவர் பொறுப்பு.

கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர் வேறு, இவர் வேறு. கோபுரத்தில் இருப்பவர் விமானங்கள் ஒன்றோடொன்று நெருங்காமல் பார்த்துக்கொள்பவர். எல்லா நிறுவன விமானங்களும் அவருக்கு ஒன்றுதான். டிஸ்பாட்சர் விமான நிறுவனத்தின் ஊழியர். ஆனாலும், ‘இந்த நிலைமையில் அனுப்ப மாட்டேன்’ என்று தன் நிறுவனத்திடமே சொல்லச் சட்டம் அவருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. கேப்டனுக்கும் அதே அதிகாரம் உண்டு. இருவரும் ஒப்புக்கொண்டால்தான் விமானம் கிளம்பும்.

பொறுப்பு கூட்டாக இருந்தாலும் இருவர் கண்ணில் படுவதும் ஒன்றல்ல. டிஸ்பாட்சரின் திரையில் நாடு முழுவதன் வானிலையும் தெரியும். இறங்கவேண்டிய விமான நிலையத்தில் எத்தனை விமானங்கள் காத்திருக்கின்றன என்று தெரியும். விமானியின் ரேடாரில் எதிரே இருக்கும் மேகம் மட்டும்தான் தெரியும். ஆனால் கைப்பிடியில் உணரும் அதிர்வும், வால்பக்கத்திலிருந்து வரும் புதிய சத்தமும் விமானிக்கு மட்டுமே எட்டும். தனக்குத் தெரிந்ததை அடுத்தவரும் அறிந்திருப்பார் என்று இருவரில் ஒருவர் எண்ணிவிட்டாலும் சிக்கல் தொடங்கிவிடும்.

இருவருக்கும் நடுவிலுள்ள பாதையும் குறுகியது. சாதாரண விஎச்எஃப் ரேடியோ சுமார் 200 கடல் மைல் தூரம்தான் எட்டும். பெருங்கடலுக்கு மேலே இரைச்சல் நிறைந்த எச்எஃப் அலைவரிசையில், இடையில் ஒரு ரேடியோ ஆபரேட்டர் கேட்டு எழுதி மறுபக்கம் சொல்ல வேண்டியிருந்தது. 1978இல் ‘ஏகார்ஸ்’ வந்தது. டிஸ்பாட்சர் தட்டச்சு செய்யும் சில வரிகள் காக்பிட் திரையில் தோன்றும். விமானிகளுக்கு நடுவே உள்ள சின்ன பிரிண்டரில், கடை ரசீது மாதிரி காகிதச் சுருளில் அச்சாகியும் வரும். பெரிய வசதிதான். ஆனால் எழுத்தில் குரல் இல்லை. அனுப்பியவர் பதறுகிறாரா, வழக்கமான தகவலைத்தான் சொல்கிறாரா என்பது அந்தச் சீட்டில் தெரியாது. படிக்கும் நேரத்தில் விமானி எந்த வேலையில் மூழ்கியிருக்கிறார் என்பதும் அனுப்பியவருக்குத் தெரியாது. 10,000 அடிக்குக் கீழே அவசியமற்ற பேச்சே கூடாது என்று 1981லிருந்து அமெரிக்காவில் விதி இருக்கிறது. அந்த நேரத்தில் வரும் செய்தி சீந்துவாரின்றிக் கிடக்கலாம்.

2001 செப்டம்பர் 11 காலையில் யுனைடெட் நிறுவனத்தின் டிஸ்பாட்சர் ஒருவர் 16 விமானங்களைக் கவனித்துக்கொண்டிருந்தார். உலக வர்த்தக மையத்தில் விமானங்கள் மோதிவிட்டன, காக்பிட்டுக்குள் யாரும் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று 9:19க்கு எச்சரிக்கை அனுப்பத் தொடங்கினார். யாரும் சொல்லிச் செய்ததல்ல, தாமாகவே எடுத்த முடிவு. பல விமானங்களுக்கும் அனுப்ப வேண்டியிருந்ததால் அவற்றில் ஒன்றான 93ஆம் எண் விமானத்துக்கு அது போய்ச் சேர 9:24 ஆகிவிட்டது. அன்று காலை அப்படியொரு செய்தியை எந்த விமானிதான் சட்டென்று நம்புவார்? உறுதிப்படுத்தச் சொல்லி 9:26க்குக் கேப்டன் பதில் எழுதினார். 9:28க்குக் கடத்தல்காரர்கள் உள்ளே நுழைந்துவிட்டார்கள். இதில் யாரையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் 16 விமானங்களுக்குப் பொறுப்பாக இருக்கும்போது நிமிடங்கள் இப்படித்தான் கரைகின்றன.

அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 கதை வேறு மாதிரி. 2000 ஜனவரி 31 அன்று மெக்சிகோவின் புவெர்ட்டோ வயார்ட்டாவிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் பறந்த எம்டி-83 விமானத்தில், மூக்கை ஏற்றி இறக்கிச் சமநிலைப்படுத்தும் வால் தகடு அசையாமல் சிக்கிக்கொண்டது. லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கலாம் என்று கேப்டன் நினைத்தார். அங்கே இறங்கினால் விமான நெரிசலால் மறுபடி கிளம்ப ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் தாமதமாகலாம் என்று தரையிலிருந்து தகவல் வந்தது. பாதுகாப்புக்காக இறங்குவதென்றால் இறங்கலாம் என்றும் சொன்னார்கள். இறங்கத் தகுந்த விமான நிலையங்களைக் கடந்து போவதைப் பற்றித் தான் கவலைப்படும்போது, நெரிசலைக் காரணமாகச் சொல்வதைக் கேட்கவே விரும்பவில்லை என்று கேப்டன் வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். லாஸ் ஏஞ்சலிஸ் என்றே முடிவானது. ஆனால் விமானம் அங்கே போய்ச் சேரவில்லை. அனகாபா தீவருகே கடலில் விழுந்து 88 பேரும் இறந்தார்கள். கிரீஸ் போதாமல் தேய்ந்துபோன திருகின் மரைதான் காரணம் என்று அமெரிக்க விசாரணை வாரியம் கண்டறிந்தது. டிஸ்பாட்ச் தரப்பினர் விமானிகளின் முடிவைச் சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் சாய்க்க முயன்றதாகத் தெரிகிறது என்பதையும் அறிக்கையில் எழுதியது. லாஸ் ஏஞ்சலிஸுக்குத் திரும்பிய விமானிகளின் முடிவு சரியானது என்றது. தரையில் இருப்பவருக்கு அது தாமதக் கணக்கு. மேலே இருப்பவருக்கு அது உயிர்.

பேசியதால் வந்த சிக்கல் அது. பேசாததால் வந்தது 1990 ஜனவரி 25இல் நியூயார்க் அருகே விழுந்த அவியான்கா 52. மோசமான வானிலையில் மூன்று இடங்களில் மொத்தம் 1 மணி 17 நிமிடம் வட்டமடித்து, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். எரிபொருள் நெருக்கடியை விமானிகள் கட்டுப்பாட்டாளர்களுக்குத் தெளிவாகச் சொல்லாதது முதன்மைக் காரணங்களில் ஒன்று. டிஸ்பாட்ச் உதவியை அவர்கள் பயன்படுத்திக்கொள்ளாததையும் துணைக் காரணமாக வாரியம் சேர்த்தது. எரிபொருளையும் வானிலையையும் தரையில் ஒருவர் சேர்த்துப் பார்த்துக்கொண்டிருந்தால், ‘இனிக் காத்திருக்க வேண்டாம், பாஸ்டனுக்குத் திரும்பு’ என்று நேரத்தோடு சொல்லியிருக்க முடியும்.

அமெரிக்க விதிப்படி ஒவ்வொரு டிஸ்பாட்சரும் ஆண்டுக்குப் பொதுவாக 5 மணி நேரம் காக்பிட்டில் உட்கார்ந்து விமானிகள் வேலை செய்வதைப் பார்க்க வேண்டும். தான் அனுப்பும் நாலு வரி எந்த நெருக்கடியில் போய் விழுகிறது என்பது அங்கே உட்கார்ந்தால்தான் புரியும். விமானிகளுக்கும் டிஸ்பாட்சர் மேசையில் இதேபோல 5 மணி நேரத்தைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. பனிப்புயல் அடிக்கும் மாலையாகப் பார்த்து உட்காரவைத்தால் இன்னும் நல்லது.