பழைய ஆகாய விமானம் வாங்கப் போகிறவர்

பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கப் பட்டணத்துக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். விற்பவர் அதைத் துடைத்துப் பளபளவென்று நிறுத்தியிருப்பார். விவரம் தெரிந்தவர் அந்தப் பளபளப்பைப் பார்ப்பதில்லை. குனிந்து, எஞ்சினுக்கு அடியில் எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பார்ப்பார்.

அமெரிக்காவில் ஆகாய விமானத்தையே இப்படிக் குனிந்து பார்த்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். அவர்கள் எல்லாரும் கோடீசுவரர்கள் அல்லர். பல் டாக்டர், கடைக்காரர், விவசாயி என்று பலதரப்பட்டவர்கள். நான்கு பேர் உட்காரக்கூடிய, ஒரே எஞ்சின் உள்ள சிறு விமானந்தான் வாங்குவார்கள்.

ஏன் பழையது? 1970ஆம் ஆண்டுகளில் இத்தகைய விமானங்கள் ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டன. பிறகு விபத்து வழக்குகளும் நஷ்டஈட்டுச் செலவும் பெருகவே, செஸ்னா நிறுவனம் 1986இல் சிறு விமானம் செய்வதையே நிறுத்திவிட்டது. 18 ஆண்டுக்கு மேற்பட்ட விமானத்துக்காகச் செய்தவர்மீது வழக்குப் போட முடியாது என்று 1994இல் சட்டம் வந்த பிறகு மறுபடி தொடங்கியது. ஆனால் சக்கரத்தை மடக்கும் சிறு விமானங்களை அது திரும்பச் செய்யவில்லை. ஆகவே இன்று விலைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை நாற்பது, ஐம்பது வயதானவை.

சக்கரத்தை எதற்காக மடக்க வேண்டும்? குடையை விரித்துக்கொண்டு சைக்கிள் மிதித்தவர்களுக்கு இது விளங்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சக்கரம் காற்றைத் தடுக்கிறது. மடக்கி உள்ளே இழுத்துக்கொண்டால், அதே எஞ்சின், அதே எண்ணெயில் இன்னும் வேகமாகப் போகலாம். அதற்குக் கூலியும் உண்டு. பழுது பார்க்கும் செலவு கூடும். காப்புறுதிக் கட்டணமும் கூடும். எல்லாவற்றுக்கும் மேலாக மறதி! இறங்கும்போது சக்கரத்தை விட மறந்தால், விமானம் வயிறு தேய்ந்து நிற்கும், முன்விசிறி வளையும், எஞ்சினைப் பிரித்தே ஆகவேண்டும். சக்கரம் இல்லாமல் இறங்கியவர்கள், இனிமேல் இறங்கப் போகிறவர்கள் என விமானிகள் இரண்டே வகை என்று அவர்கள் தமக்குள் கேலி பேசிக்கொள்வார்கள்.

இனி எதை வாங்குவது? சிக்கனம் வேண்டுவோர் மூனி விமானத்தைத் தேடுவார்கள். உட்கார இடம் சற்று நெருக்கம். ஆனால் 1976இல் வந்த வகை, 200 குதிரைச் சக்தி எஞ்சினை வைத்துக்கொண்டே மணிக்கு 201 மைல் வேகம் எட்டியது. அதனால் அதற்கு '201' என்றே பெயர். 1961க்கு முந்திய மூனிகளில் இறக்கை மரத்தால் ஆனது. ஈரம் புகுந்தால் மரம் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்லவா வேண்டும்?

பைப்பர் ஆரோ வேகம் குறைந்தது, ஓட்டச் சுலபம். அதனாலேயே பயிற்சிப் பள்ளிகள் அதை விரும்பின. நாள் முழுதும் ஏறி இறங்கினால் இரும்பும் களைத்துப்போகும், அலுமினியமும் களைத்துப்போகும். 2018 ஏப்ரல் 4ஆம் நாள், புளோரிடாவில் டேடோனா பீச் அருகே, பயிற்சிப் பள்ளியின் ஆரோ ஒன்று ஏறும்போது இடது இறக்கை கழன்று விழுந்தது. மாணவரும் தேர்வாளரும் மாண்டனர். இறக்கையைத் தாங்கும் உத்தரத்தில், போல்ட் துளையருகே, கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்திருக்கிறது. அதிகம் உழைத்த விமானங்களில் அந்தத் துளைகளைச் சோதிக்க வேண்டும் என்று 2021இல் அரசாங்கம் உத்தரவிட்டது. ஆரோ வாங்குகிறவரின் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

செஸ்னா 210 பாரம் நன்றாகத் தாங்கும். அதற்கும் ஒரு துயரம் உண்டு. 2019இல் ஆஸ்திரேலியாவில் மவுண்ட் ஐசா அருகே அளவைப் பணியில் இருந்த ஒன்று இறக்கை முறிந்து விழுந்து, இருவர் இறந்தார்கள். கூரைக்கு மேல் மறைந்திருக்கும் உத்தரத்தில் சிறு அரிப்புக் குழியில் தொடங்கிய விரிசலே காரணம்.

பீச்கிராப்ட் பொனான்சா இவற்றுள் சொகுசானது, விலையும் அதிகம். 1947 முதல் 1982 வரை 'வி' எழுத்துப் போன்ற வாலோடு வந்தது. சில ஆகாயத்திலேயே உடைந்ததால், வாலைப் பலப்படுத்த 1987இல் உத்தரவு வந்தது. 'டாக்டர்களைக் கொல்லும் பிளவு வால்' என்று அதற்கு ஒரு பட்டப்பெயர். பணம் இருந்தும் பழக்கம் போதாதவர்கள் வேகமான விமானத்தை வாங்கி, மேகத்துக்குள் போய்த் தடுமாறியதற்கு வாலை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை என்பது என் எண்ணம். பாடகர் பட்டி ஹோலி 1959 பிப்ரவரி 3இல் மாண்டதும் பொனான்சாவில்தான். கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டும் தகுதி அந்த விமானிக்கு இல்லை, வானிலையோ மோசம். இருந்தாலும் அந்த வால் மடல்களின் தகடு மக்னீசியம். எளிதில் அரிக்கும், மாற்றுத் தகடு கிடைப்பது அரிது.

எஞ்சின் விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். இப்படிப்பட்ட லைகமிங் எஞ்சினை 2,000 மணி நேரம் அல்லது 12 ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கச் சொல்கிறார்கள். பத்து ஆண்டில் 400 மணி நேரந்தான் ஓடியது என்று ஒருவர் விற்பார். கேட்க நன்றாக இருக்கும். ஓடாமல் நின்ற எஞ்சினில் உள்ளே துரு ஏறும். வாரந்தோறும் பறந்து 1,200 மணி நேரம் ஓடியதையே நான் எடுப்பேன்.

விமானம் பிறந்த நாள் முதல் எழுதிவந்த பதிவுப் புத்தகங்கள் முழுமையாக இருக்க வேண்டும். பள்ளியில் வருகைப் பதிவேட்டில் ஒரு மாதம் காணாமற்போனால் ஆய்வாளர் என்ன நினைப்பாரோ, அதையே வாங்குபவரும் நினைப்பார். சோதிக்கும் மெக்கானிக் விற்பவருக்கு வேண்டியவராக இருக்கக் கூடாது. அவர் விமானத்தை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை மடக்கியும் இறக்கியும் பார்ப்பார். பிறகு மின்சாரத்தை நிறுத்திவிட்டு, அவசரக் காலத்து வழியிலும் இறக்கிப் பார்ப்பார். பொனான்சாவில் அதற்கு ஒரு கைப்பிடியை ஐம்பது சுற்று அளவுக்குச் சுற்ற வேண்டும். வாங்குகிறவர் அதைத் தாமே ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு, அதன்பிறகு விலை பேசட்டும்.