சர்வீஸ் கடையில் ஒரு பின் நம்பர்

லேப்டாப்பை சர்வீஸுக்குக் கொடுக்கும்போது கடைக்காரர் முதலில் கேட்பது என்ன கோளாறு என்று. அடுத்ததாக, பாஸ்வேர்டு என்ன என்று. இரண்டுக்கும் ஒரே வேகத்தில் பதில் சொல்லிவிடுகிறோம். பாஸ்வேர்டு ரசீதின் மூலையில் எழுதப்பட்டு, வேலை முடியும்வரை மேஜையில் கிடக்கிறது.

கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பழக்கத்தைச் சோதித்து 2022இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பேட்டரி மாற்ற வேண்டும் என்று கடைகளை அணுகியபோது ஏறத்தாழ எல்லாருமே பாஸ்வேர்டு கேட்டார்கள். பேட்டரி மாற்ற ஸ்க்ரூடிரைவர் போதும், விண்டோஸுக்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லை. பிறகு லேப்டாப்களில் ஒலி டிரைவரை மட்டும் முடக்கி, உள்ளே நடப்பதையெல்லாம் பதிவு செய்ய ரகசிய ஏற்பாடு வைத்து, 16 கடைகளில் கொடுத்தார்கள். சில நிமிட வேலைதான். ஆறு கடைகளில் தனிப்பட்ட கோப்புகளைத் திறந்து பார்த்திருந்தார்கள். இரண்டு கடைகளில் பிரதியும் எடுத்திருந்தார்கள். பார்த்த தடயத்தை அழித்தவர்களும் உண்டு. பெண்களுடையது என்று தோன்றும்படி வைத்திருந்த லேப்டாப்களில்தான் துழாவல் அதிகம். நம்மூர்க் கடைகள் இதைவிட மோசம் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. மேல் என்று நம்பவும் காரணமில்லை.

கடைக்காரரிடம் பாஸ்வேர்டாகச் சொன்ன அந்த நாலு இலக்கப் பின் நம்பரை வைத்து எதுவரை போகலாம் என்று பாருங்கள். குரோமில் சேமித்து வைத்த பாஸ்வேர்டுகளைக் காட்டச் சொன்னால், அது கேட்பது விண்டோஸின் பின்னைத்தான். அதாவது, பின்னைச் சொன்னவர் குரோமில் சேமித்த எல்லாப் பாஸ்வேர்டுகளையும் சேர்த்தே சொல்லிவிட்டார். ஜிமெயில் திறந்தே இருக்கும். தேடும் இடத்தில் ‘ஆதார்’ என்று அடித்தால் எப்போதோ அனுப்பிய ஸ்கேன் பிரதி வந்து நிற்கும். வாட்ஸ்அப் வெப்பும் அப்படித்தான்.

பாஸ்வேர்டைச் சொல்லாவிட்டால் மட்டும் போதுமா? போதாது. டிஸ்க்கைக் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டினால், குறியாக்கம் செய்யப்படாத கோப்புகள் அப்படியே தெரியும். பிட்லாக்கர் போன்ற குறியாக்கம் இருந்தால் தெரியாது. ஆனால் மதர்போர்டு மாற்றினால் அது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி கையில் இல்லையென்றால் உங்கள் கோப்பு உங்களுக்கே கிடைக்காது. கொடுப்பதற்கு முன்பே எழுதி வையுங்கள்.

சாம்சங், பிக்சல் போன்களில் இதற்கென்றே ஒரு வசதி வந்துவிட்டது: பழுதுபார்ப்பவர் போனை இயக்கலாம், உங்கள் படங்களைப் பார்க்க முடியாது. விண்டோஸில் அப்படி ஒன்று இல்லை.

அனுமதியின்றிக் கோப்புகளை நகலெடுப்பது இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி தவறு. மோசடி நோக்கம் நிரூபணமானால் மூன்றாண்டு வரை சிறை. நிரூபிப்பதுதான் பாடு. எந்தக் கோப்பு பென் டிரைவில் போனது என்று காட்டும் பதிவைச் சாதாரண வீட்டுக் கம்ப்யூட்டர் பொதுவாக வைத்திருப்பதில்லை.

ஸ்கிரீன், பேட்டரி, கீபோர்டு வேலைக்குப் பாஸ்வேர்டு கேட்டால் மறுத்துவிடுங்கள். டிரைவர் கோளாறு என்றால் பக்கத்தில் உட்கார்ந்து நீங்களே அடித்துக் கொடுங்கள். லேப்டாப் உயிரே இல்லாமல் கிடந்தாலும் கை கட்டிப்போய்விடவில்லை: போனிலிருந்தே கூகுள் கணக்கிலிருந்து அந்த லேப்டாப்பை வெளியேற்றலாம், வாட்ஸ்அப்பில் இணைந்த கருவிகள் பட்டியலிலிருந்தும் நீக்கலாம். கடைக்குக் கிளம்பும் முன் செய்துவிடுங்கள்.