குளிருக்குக் கொடுக்கும் காசு

குவாண்டம் கணினி என்று பத்திரிகைகளில் வரும் படத்தைப் பார்த்திருப்பீர்கள். தங்க முலாம் பூசிய வட்டத் தட்டுகள் அடுக்கடுக்காகத் தொங்கும். அவற்றின் ஊடே மெல்லிய குழாய்களும் கம்பிகளும் இறங்கும். கோயில் தூக்குவிளக்கைப் பெரிதாக்கியது போல ஒரு தோற்றம். அதில் கணினி என்று சொல்லத்தக்கது, அடித்தட்டில் ஒரு சின்னப் பெட்டிக்குள் உட்கார்ந்திருக்கும் விரல்நகம் அளவு சில்லு மட்டும்தான். மற்றதெல்லாம் குளிரூட்டி.

2023 ஏப்ரல் 19 அன்று மத்திய அமைச்சரவை தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது. எட்டு ஆண்டுகளில் 50 முதல் 1,000 க்யூபிட் (குவாண்டம் கணினியின் அடிப்படைத் தகவல் அலகு) வரை கொண்ட கணினிகளை இங்கேயே உருவாக்க வேண்டும் என்பது அதன் இலக்குகளில் ஒன்று. அன்றிலிருந்து பேச்செல்லாம் க்யூபிட் எண்ணிக்கையைச் சுற்றியே இருக்கிறது. எண்ணிக்கை முக்கியம்தான். ஆனால் அந்தச் சில்லைக் குளிரில் வைத்திருக்கும் பொருட்களில் எத்தனை நம் நாட்டில் செய்யப்படும் என்பதை வைத்தே இந்தப் பணத்தை எடைபோட வேண்டும் என்று நினைக்கிறேன்.

அவ்வளவு குளிர் எதற்கு? இன்று பரவலாக இருப்பது, மின்தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் மீக்கடத்தி வகை க்யூபிட். அலுமினியப் படலம் இரண்டு, நடுவே ஒன்றிரண்டு நானோமீட்டர் கனத்தில் அலுமினிய ஆக்ஸைடு. இதற்கு ஜோசப்சன் சந்தி என்று பெயர். இப்படிப்பட்ட மின்சுற்று முழுவதுமே ஓர் அணுவைப் போல நடந்துகொள்ளும் என்பதை 1984, 85 ஆண்டுகளில் பெர்க்லியில் நிறுவிய ஜான் கிளார்க், மிஷெல் தெவோரே, ஜான் மார்ட்டினிஸ் மூவருக்கும் 2025இல்தான் நோபல் பரிசு கிடைத்தது. அது கணினிக்காகச் செய்த ஆராய்ச்சியே அல்ல. பலன் தெரிய நாற்பது ஆண்டு பிடித்தது.

இந்தச் சுற்றை ஏறத்தாழ 5 கிகாஹெர்ட்ஸ் நுண்ணலையால் இயக்குகிறார்கள். வீட்டு வைஃபை அலைவரிசைக்குப் பக்கத்து வீடு அது. அந்த அலையின் ஒரு துகளுக்கு உள்ள ஆற்றல், கால் கெல்வின் (எட்டக்கூடிய அடிமட்டக் குளிரைச் சுழியாகக் கொண்டு எண்ணும் வெப்ப அலகு) வெப்பத்துக்குக்கூட ஈடாகாது. ஆகவே சுற்றிலும் கொஞ்சம் வெப்பம் இருந்தாலும் அதுவே க்யூபிட்டைத் தட்டிவிட்டுக் கணக்கைக் குலைத்துவிடும். சில்லை 0.02 கெல்வினுக்கும் கீழே வைத்தாக வேண்டும். விண்வெளியின் வெட்டவெளி 2.7 கெல்வின், சில்லோடு ஒப்பிட்டால் அது நூறு மடங்குக்கு மேல் சூடு.

இந்தக் குளிரைத் தருவது ஹீலியம்-3, ஹீலியம்-4 இரண்டின் கலவை. மண்பானையில் தண்ணீர் எப்படிக் குளிர்கிறது? கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் வெப்பத்தையும் எடுத்துக்கொண்டு போகிறது. இங்கேயும் ஏறக்குறைய அதுதான். 0.87 கெல்வினுக்குக் கீழே கலவை இரண்டு அடுக்காகப் பிரிகிறது. ஹீலியம்-3 செறிந்த மேலடுக்கிலிருந்து அதன் அணுக்கள் கீழடுக்குக்குள் கடந்து போகும்போது வெப்பத்தைக் கொண்டுபோகின்றன. கீழே இழுத்த வாயுவை மேலே சுற்றிவிட்டால் பானை குளிர்ந்துகொண்டே இருக்கும். ஹீலியம்-3 காற்றில் அள்ளக்கூடியது அல்ல. பெரும்பாலும் ஹைட்ரஜனின் கதிரியக்க வகையான ட்ரிட்டியம் சிதைவதிலிருந்து சேகரிப்பது. ட்ரிட்டியம் அணு ஆயுதத்துக்கும் பயன்படுவதால் அதன் இருப்பு சில அரசுகளின் கையில் இருக்கிறது. குளிரூட்டிகளைச் செய்து விற்பவர்களும் பின்லாந்தின் புளூஃபோர்ஸ் போல விரல்விட்டு எண்ணத்தக்கவர்களே.

கம்பியின் கதை இன்னும் நுட்பமானது. கொதிக்கும் குழம்பில் பித்தளைக் கரண்டியை விட்டுவைத்தால் காம்பு சுடும். மர அகப்பை சுடாது. மின்சாரத்தை நன்றாகக் கடத்தும் உலோகம் வெப்பத்தையும் நன்றாகக் கடத்திவிடும். அறை வெப்பத்தில் இருக்கும் மேல்முனையிலிருந்து சில்லு வரை செம்புக் கம்பியை இழுத்தால், அதன் வழியே இறங்கும் வெப்பமே போதும், குளிர் பாழ். மின்சாரத்துக்குப் பித்தளையாகவும் வெப்பத்துக்கு அகப்பையாகவும் இருக்கும் கம்பி வேண்டும். மேல்தட்டுகளில் துருப்பிடிக்காத எஃகும் செம்பு-நிக்கல் கலவையும், அடியில் மீக்கடத்தியான நையோபியம்-டைட்டானியமும் பயன்படுவது இதனால்தான். க்யூபிட் கூடக் கூடக் கம்பியும் கூடும். ஒவ்வொரு கம்பியும் குளிரூட்டிக்குச் சுமை.

2024 நவம்பரில் இயக்கத்தின் ஆதரவுக்குத் தேர்வான எட்டுப் புத்தொழில் நிறுவனங்களின் பட்டியலைப் பார்த்து நான் மகிழ்ந்தது இந்தக் காரணத்தால்தான். பெங்களூருவின் க்யூபைஏஐ அதில் இருந்தது. 2025 ஏப்ரலில் 25 க்யூபிட் கணினியை அது அறிமுகம் செய்தது, செய்தியும் ஆனது. ஆனால் அதே பட்டியலில் மும்பை ஐஐடியில் முளைத்த டிமிரா இருந்தது. அதன் வேலை, கடுங்குளிருக்கான கேபிள் செய்வது. டெல்லியின் குவானஸ்ட்ரா கடுங்குளிர்க் கருவிகளுக்காக வந்திருந்தது. கேபிள் செய்பவருக்கும் குவாண்டம் பணம் உண்டு என்று முடிவெடுத்தவர்கள் சரியாகவே முடிவெடுத்தார்கள். இப்படிப்பட்ட தொழிலில் வங்கிக்கடன் வாங்கி ஐந்தாறு ஆண்டு காத்திருக்க யாராலும் முடியாது. திருப்பிக் கேட்காத அரசு மானியம்தான் முதல் படி.

பணம் பெரிதுபோல் தெரியும். எட்டு ஆண்டுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்குச் சராசரி 750 கோடி. அதிலும் கணினி, தகவல்தொடர்பு, உணர்கருவி, பொருட்கள் என நான்கு துறைக்குப் பங்கு. தகவல்தொடர்புக்கான மையம் சென்னை ஐஐடியில் இருக்கிறது. கணினிக்கான மையம் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில். சில்லும் கருவியும் செய்யும் ஆய்வுக்கூடங்களுக்காக 2025இல் அறிவித்த தொகை மட்டுமே 720 கோடி, ஏறத்தாழ ஓராண்டுப் பங்கு.

அறிவிப்பும் வரவும் ஒன்றல்ல என்பதும் நமக்குத் தெரியும். 2020 பிப்ரவரி பட்ஜெட்டிலேயே குவாண்டம் துறைக்கு ஐந்து ஆண்டுகளில் 8,000 கோடி என்று அறிவித்தார்கள். ஒப்புதலான திட்டம் வர மூன்று ஆண்டு ஆயிற்று, தொகையும் சுருங்கியிருந்தது. அந்த மூன்று ஆண்டை யாரும் திருப்பித் தர முடியாது. இந்தக் குளிரூட்டியை ஓடவிட்டால் அடிக்குளிரை எட்டவே ஓரிரு நாள் ஆகும். நினைத்தபோது நிறுத்தி நினைத்தபோது ஓட்ட முடியாது. அதை ஓட்டக் கற்றவர்களும் அப்படியே. தவணை தவறி, சம்பளமில்லாமல் ஆய்வாளர் ஒருவர் வெளிநாடு போய்விட்டால், அவருடைய கைப்பழக்கமும் கூடவே போய்விடும். ஆகவே தொகையைக் கூட்டாவிட்டாலும் பரவாயில்லை, சொன்னதைச் சொன்ன மாதத்தில் கொடுங்கள் என்பதே அரசிடம் கேட்க வேண்டியது.

ஆட்களும் வேண்டும். இயற்பியல் முனைவர்கள் மட்டும் போதாது. வெற்றிடக் குழாய்களைக் கசிவில்லாமல் பற்றவைப்பவர், நுண்ணலைச் சுற்று வடிவமைப்பவர், உலோகவியல் படித்தவர் எல்லோருக்கும் இதில் வேலை உண்டு. பொறியியல் மாணவர்கள் மூன்றாம் பருவத்திலிருந்து குவாண்டம் தொழில்நுட்பத்தைத் துணைப்பாடமாகப் படிக்க அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் கவுன்சில் (ஏஐசிடிஇ) 2024 டிசம்பரில் பாடத்திட்டம் வெளியிட்டிருக்கிறது. உங்கள் வீட்டில் பொறியியல் படிக்கும் பிள்ளை இருந்தால், தங்கள் கல்லூரியில் அது தொடங்கிவிட்டதா என்று துறைத்தலைவரிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.